நியூட்ரலில் இறங்கின மலை

இந்த மலைக்குச் சாவுமலைன்னு பேர் வெச்ச புண்ணியவான் நல்லா இருக்கட்டும். அன்னைக்குக் காலையில அந்தப் பேரை நினைக்கக்கூட எனக்குப் பயமா இருந்தது.

பத்து மணிக்குள்ள தலைநகரம் சான் ஹோசேயில ஆஸ்பத்திரியில இருக்கணும். என் வீட்டுக்காரர் எவேலியோவுக்குக் கண் ஆபரேஷன். ரெண்டு கண்ணுலயும் புரை, இன்னைக்கு ஒரு கண்ணுக்கு. இந்தத் தேதிக்காக மூணு வருஷம் காத்துக் கிடந்தோம். இன்னைக்கு விட்டா மறுபடியும் வரிசையோட வால்ல போய் நிக்கணும்.

கார் எங்க மக ஒல்காவோடது, கரண்டுல ஓடறது. இதே ரோட்டுல முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டின மனுஷன் பக்கத்துல கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கார். ஓட்டறது நான். விடியக்காலம் மலையடிவாரத்துல, சான் இசித்ரோவுல சார்ஜர் வேலை செய்யல. இருந்த அறுபது சதவீதத்தோட ஏறினோம். ஏத்தம் மொத்தத்தையும் குடிச்சிடுச்சு. மலை மேல ஒரு சார்ஜர் இருந்தது, அதுக்கு முன்னால நாலு கார். அங்க நின்னா பத்து மணி தாண்டிரும். அடுத்தது கார்த்தாகோவுலதான், இன்னும் அறுபத்தஞ்சு கிலோமீட்டர்.

எவ்வளவு இருக்குன்னு கேட்டார். ஒன்பது சதவீதம் இருந்தது. பதினாலுன்னேன். புரை விழுந்த கண்ணுக்கு அந்த நம்பர் தெரியாது. ரத்தக்கொதிப்பு ஏறினா டாக்டர் திருப்பி அனுப்பிடுவாங்களே, நான் வேற என்ன செய்ய?

இறக்கம் ஆரம்பிச்சதும் நியூட்ரல்ல போடச் சொன்னார். இப்படித்தான் பஸ்ல டீசல் மிச்சம் பிடிச்சாராம். பயந்த புத்திக்கு யார் சொன்னாலும் வேதம். போட்டேன்.

கார் உருண்டு ஓடுது. எதிர்ல மூடுபனி. பிரேக்கை மிதிச்சு மிதிச்சுக் கருகின வாடை வருது. ஹீட்டரும் லைட்டும் தின்னதுல ஒன்பது எட்டாச்சு, எட்டு ஏழாச்சு. நடுவழியில நின்னுட்டா இவரை எந்த லாரியில ஏத்தி அனுப்பறதுன்னு கணக்குப் போட ஆரம்பிச்சேன்.

பனி கொஞ்சம் விலகினப்ப ஒரு மஞ்சப் பலகை. எஞ்சின் பிரேக்ல இறங்கச் சொல்லி எழுதியிருந்தது. வாய்விட்டுப் படிச்சேன்.

"இதுல ஏது எஞ்சின்?"னு சிரிச்சார்.

அப்பத்தான் சுரீர்னது. கியர்ல இருக்கறப்ப ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா வண்டியே இழுத்துப் பிடிக்கும், அதுலயே சார்ஜ் ஏறும்னு ஒல்கா சாவி தந்தப்பவே சொன்னா. நான் அடுப்புல தோர்த்தியா ரொட்டி சுட்டுக்கிட்டிருந்தேன், காதுல வாங்கல. கியரை மாத்திக் காலை எடுத்தேன். பின்னால யாரோ சட்டையைப் பிடிச்சு இழுத்த மாதிரி கார் நிதானமாச்சு. ஏழு. ரொம்ப நேரம் ஏழு. அப்புறம் எட்டு. கண்ணுல தண்ணி வந்துடுச்சு எனக்கு.

வழியில எல் எம்பால்மே ஊரைத் தாண்டறப்ப நம்பர் மாறினதும் கத்திட்டேன். "பதினொண்ணு! ஏறிடுச்சுங்க!"

அவர் என் பக்கம் திரும்பினார்.

"மேல பதினாலுன்ன. இப்ப பதினொண்ணு. இதுக்குப் பேரு ஏறினதா, ஹஸிந்தா?"

ரோட்டையே பார்த்துக்கிட்டு ஓட்டினேன். அவர் தடவித் தடவி என் முழங்கையில கை வெச்சார்.

"நியூட்ரல் கதையை ஒல்காகிட்ட சொல்லாத. நானும் உன் பதினாலைச் சொல்லல. அடுத்த தடவை நம்பரை நானே படிச்சுக்கறேன். அதுக்கு ஒரு கண்ணு போதும்."