ஆரோக்கியமானவரின் ரத்தம்

...அல்லது அந்த மாணவிப் பெண்ணின் கைதான் தவறு செய்திருக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீர், இல்லையென்றால் ஏதோ ஒரு புட்டி காலாவதியாகியிருக்கும், காரணத்துக்கா பஞ்சம், என்று சொல்லிக்கொண்டே அவள் வெப்பப்பெட்டியின் கடிகாரத்தைப் பார்த்தாள், இன்னும் முப்பத்தெட்டு நிமிடம், இரண்டு நிமிடம்தானா போயிருக்கிறது... உட்கார்ந்தாள், எழுந்தாள், சொட்டு அளக்கும் பைப்பெட்டுகள் நேராகவே இருந்தன, அவற்றையே மறுபடி நேராக்கினாள். இருபத்திரண்டு வருடம் ரத்தத்தோடு குப்பை கொட்டியவளுக்கு நாற்பது நிமிடம் காத்திருக்க முடியவில்லை. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களை உடம்பே எதிரி என்று நினைத்து அழித்துவிடும் நோய், அதைச் செய்யும் எதிர்ப்புப் புரதம் ஒன்றைக் கண்டுபிடித்தவள் அவள், நோயாளிகளிடம் மட்டுமே அது இருக்கும் என்று எழுதியவள், அந்த ஒரு கட்டுரைதான் இந்த ஆய்வகம், இந்தப் பதவி, கதவில் பெயர், எல்லாம். நேற்று மதியம் ஆய்வு மாணவி குழித்தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து நின்றாள். "மேடம், கன்ட்ரோல்லயும் மஞ்சள் வருது. இது மூணாவது தடவை." ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்திருக்கும் நோயில்லாத ரத்தம் அது, அந்தப் புரதம் இருந்தால்தான் மஞ்சள், அதில் நிறமே வரக்கூடாது. ஒட்டாததெல்லாம் போகக் குழிகளை ஒழுங்காகக் கழுவினாயா என்று கேட்டதற்கு, "புது முறைப்படி நாலு தடவை கழுவினேன் மேடம்" என்றாள், கொஞ்சம் தயங்கி, "இது யாரோட ரத்தம்? குப்பில வெறும் ஆரோக்கியமானவர்னுதான் போட்டிருக்கு" என்றாள். பதில் நுனிநாக்கு வரை வந்தது. "நாளைக்கு நானே செய்றேன், நீ போ" என்றுதான் சொன்னாள்.

என்னுடையதுதான் என்று சொல்ல என்ன கேடு? வருடத்துக்கு ஒருமுறை தன் கையில் ஊசி போட்டு எடுத்து, ஃப்ரீசரில் வைத்தது, இருபத்திரண்டு குப்பிகள், இப்போது அத்தனையும் அந்தப் பெட்டிக்குள் ஒரே தட்டில். அவளைவிடப் பொருத்தமான ஆள் யார்? நோய் தங்கைக்கு. ஒரே வயிற்றில் பிறந்து ஒரே கட்டிலில் படுத்தவர்கள். ஒன்பது வயதில் தங்கையின் காலெல்லாம் மை கொட்டியதுபோல நீலம், பள்ளிக்கு அம்மாவை வரச்சொல்லி, வீட்டுல பிள்ளையை அடிப்பீங்களா என்று டீச்சர் கேட்டார், அம்மா வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், அன்றைக்கு அக்காக்காரி தன் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஒன்றுமில்லை, அப்பாடா என்றிருந்தது, அப்படி இருந்ததே என்று உடனே அழுகை வந்தது... இன்னும் பதினேழு நிமிடம். ஐந்து தடவை. ஆமாம், தன் காலத்தில் ஐந்து தடவை கழுவினார்கள், ஏன் ஐந்து? முதல் முதலாகச் செய்தபோது நான்குதான். அன்றைக்கும் தன் ரத்தம் இருந்த குழியில் ஒரு சாயல், எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விழுந்ததுபோல, இருக்கிறதா இல்லையா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், அழுக்கு என்று நினைத்தாள், நினைத்தாளா, நினைக்க விரும்பினாளா? அடுத்த முறை எல்லாக் குழிகளையும் ஐந்தாவது தடவை கழுவினாள், சாயல் போனது, நோயாளிகளின் மஞ்சள் மட்டும் போகாமல் நின்றது. ஐந்து தடவை என்றே கட்டுரையில் எழுதினாள். ஏன் ஐந்து என்று ஒருவரும் கேட்கவில்லை. பொய் ஒன்றும் சொல்லவில்லையே...

மணி அடித்தது. கழுவினாள், நான்கு முறை, ஐந்தாவதற்குக் கை தானாக நீண்டது, இழுத்துக்கொண்டாள். நிறம் காட்டும் திரவத்தை ஒவ்வொரு குழியிலும் விட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் போய், பார்க்காமல் நிற்கப் பார்த்து, முடியாமல் திரும்பி வந்தாள். முதல் குழி. இரண்டாவது. வெளிறிய மஞ்சள், ஆனால் மஞ்சள், இருபத்திரண்டிலும். வயதாகி வந்ததல்ல, இடையில் வந்ததல்ல. கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டியிருக்கும், அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டும், முதலில் அவளிடமா, இயக்குநரிடமா, யோசித்துக்கொண்டே விரல் தங்கையின் எண்ணை அழுத்தியிருந்தது.

"என்னக்கா, மறுபடியும் ரத்தம் வேணுமா? நீ சும்மா கூப்பிடுற ஆளில்லையே."

"உனக்கு இருக்கிறது எனக்கும் இருக்கு. ஆரம்பத்துல இருந்தே இருந்திருக்கு. நான் கழுவி விட்டுட்டேன்."

தங்கை நாள்பட்ட நோயாளிக்கே உரிய சுருக்கத்தோடு கேட்டாள், "தட்டணு எவ்வளவு?"

"நார்மல். எப்பவும் நார்மல்தான்."

"அப்ப உனக்கு ஏன் வரல?"

கோபமில்லை, குத்தலில்லை, வெளியே மழையா என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள். இவளுக்கு ஏன் வந்தது, இவளுக்கு ஏன் வந்தது என்று அக்கா எத்தனை மேடையில் பேச்சைத் தொடங்கியிருப்பாள், அந்த ஒரு கேள்வியிலேயே தலை நரைத்துவிட்டது, தனக்கு ஏன் வரவில்லை என்ற இந்தப் பக்கம் ஒரு நாளாவது திரும்பியிருக்கிறாளா? தன் உடம்பிலும் அதே எதிரி இருக்க, எதுவோ ஒன்று அதன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, இத்தனை வருடமாக, சத்தமே இல்லாமல். அது என்ன என்று தெரிந்திருந்தால், தங்கைக்கு... இல்லை, அதை இப்போது நினைக்கக் கூடாது, நினைத்தாள்.

"அக்கா, இருக்கியா?"

"இருக்கேன்" என்றாள், அப்படி நோயில்லாமல் இருப்பதே தனக்கு உரியதுதானா என்று சந்தேகமாக இருந்தது.