பதினொரு மழைநாள்கள்

மலையாள ஊரான கழக்கூட்டத்தில் எட்டு மாடி எழும்ப வேண்டிய இடத்தில் அப்போதைக்கு ஒரு குழிதான் இருந்தது. கட்டடம் முழுக்க பிளானிங் இன்ஜினியர் நாகேஸ்வரனின் கம்ப்யூட்டரில் இருந்தது. பிளானிங் சாஃப்ட்வேரில் வேலைக்கு ஒரு நீலப் பட்டை, பட்டைக்குப் பக்கத்தில் ஆளின் பெயர். குழிவேலைக்குச் சொரிமுத்து. வள்ளியூர்க்காரர். தினமும் காலையில் தகரக் கொட்டகை ஆபீசுக்குள் தலையை நீட்டுவார்.

"தம்பி, இன்னைக்கு நம்ம ஜாதகத்துல என்ன போட்டிருக்கு?"

நாகேஸ்வரன் பார்த்துச் சொல்வான். அவர் இறங்குவார்.

திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. பிளானோ பதினொரு நாள் பிந்தி, கடைசிப் பட்டை சிவந்து கிடந்தது. ஐப்பசியில் கொட்டும் துலாமழையில் மண் சரியும் என்று அக்டோபர் கடைசியில் பதினொரு நாளை விடுமுறையாகப் போட்டு வைத்திருந்தான் நாகேஸ்வரன். மேனேஜர் ஸ்ரீகுமார் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"எடோ, ஈ மழையை எடுத்துக் களை."

"சார், மழை பெய்யுமே. குழிக்குள்ள ஆளு நிக்கும்."

"பெய்யட்டும். பிளான்ல பெய்ய வேண்டா."

நாகேஸ்வரனுக்கு இன்னும் மூன்று மாதத்தில் வேலை நிரந்தரமாக வேண்டும். அழித்தான். சிவப்பு பச்சையானது. மீட்டிங்கில் கைதட்டினார்கள். முடிவை மழைக்கு யாரும் மெயிலில் தெரிவிக்கவில்லை.

அழித்த நாள்களில் நான்காவது நாள். விடியும் முன்பே பிடித்த மழை விடவில்லை. சொரிமுத்து தலையில் சிமென்ட் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வந்து நின்றார்.

"என்ன தம்பி, இந்த மழையிலயும் எறங்கணுமா? ஜாதகத்தப் பாத்துச் சொல்லுங்க."

வேண்டாம் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். நாகேஸ்வரன் திரையைப் பார்த்தான்.

"வேலைநாள்னுதான் காட்டுது அண்ணாச்சி."

"அப்ப சரி. மெஷினு சொன்னா மறுபேச்சு உண்டா?"

பத்தரைக்குக் கிழக்குப் பக்க மண் மொத்தமாகச் சரிந்தது. மூன்று பேர் ஏறிவிட்டார்கள். சொரிமுத்துவை ஜேசிபி வைத்து எடுக்க இரண்டு மணி நேரமானது.

போலீஸ் ஜீப் வந்து சேர்வதற்குள் ஸ்ரீகுமார் வந்து நாகேஸ்வரனின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். சட்டையெல்லாம் சேறு.

"மழையைத் திரிச்சு வை. இன்னைக்கு லீவ். லீவ் நாள்ல அவன் சொந்த இஷ்டத்துக்கு எறங்கி. நமக்கு உத்தரவாதம் இல்லா, மனசிலாயோ?"

நாகேஸ்வரனுக்கு மனசிலாயிற்று. பதினொரு நாளும் திரும்பி வந்தன. கடைசிப் பட்டை சிவந்தது. இம்முறை யாருக்கும் அது உறுத்தவில்லை.

சாயங்காலம் சொரிமுத்துவின் மச்சினன் பகவதிப்பெருமாள் வாசலில் வந்து நின்றார்.

"வேலைநாள்னு நீங்கதான் சொன்னியளாமே, தம்பி?"

நாகேஸ்வரன் திரையை அவர் பக்கம் திருப்பினான்.

"இன்னைக்கு லீவு அண்ணாச்சி. பாருங்க."

பகவதிப்பெருமாள் வெகுநேரம் பார்த்தார். இன்றைய தேதியில் பட்டை ஒன்றுமில்லை. எட்டு நாள் தள்ளி ஒரு நீலப் பட்டை ஆரம்பித்தது. பக்கத்தில் தெளிவாக எழுதியிருந்தது: சொரிமுத்து, காலை எட்டு மணி.