இன்னொரு நாள் ஷூட்டிங்

கடைசி ஷாட் ஓகே ஆகி எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தபோதுதான், "சார், ஒரு தப்பு நடந்துபோச்சு" என்றாள் கன்டினியூட்டி பார்ப்பவள்.

யூனிட்டில் அவளுக்குப் பட்டப்பெயர் சிசிடிவி. போன ஷாட்டில் டம்ளரில் எவ்வளவு தண்ணீர் இருந்தது, நாயகியின் முடி எந்தக் காதுக்குப் பின்னால் கிடந்தது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் பாவி மனசு அந்தக் கோடை முழுக்கப் பார்த்தது காஸ்ட்யூமரைத்தான். வாயில் குண்டூசியைக் கடித்தபடி நடிகைகளின் தோள்பட்டையை நீவிவிடுவாளே, அவளை. எடுப்பதோ இரண்டு பெண்களின் காதல் கதை. டைரக்டர் சாப்பாட்டு நேரத்தில்கூடக் காதலைப் பற்றி வகுப்பெடுப்பார். இவளுக்கோ "சாப்டியா?" என்பதற்குமேல் நாக்கு எழவில்லை. விடிந்தால் ஆளுக்கொரு வண்டி, ஆளுக்கொரு ஊர். நினைக்க நினைக்க அழுகை முட்டியது.

"என்ன தப்பு?"

"மாடியில எடுத்தப்ப ஹீரோயின் சட்டைக்கை மடிச்சிருந்துது சார். இப்ப மடிக்கல."

பச்சைப் பொய். அதுவரை எடுத்ததையெல்லாம் எடிட்டர் மதியமே வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டதால் போட்டுப் பார்க்கவும் வழியில்லை. வெளிச்சமும் போய்விட்டது. இனி நாளைக்குத்தான்.

டைரக்டர் காஸ்ட்யூமர் பக்கம் திரும்பினார். "ஒரு கையை மடிச்சு விடக்கூடவா தெரியாது? கண்ணு எங்க இருக்கு உனக்கு?" அத்தனை பேர் முன்னாலும் எகிறினார்.

திட்டு அங்கே போய் விழும் என்று இந்த மக்கு யோசிக்கவே இல்லை. உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள்.

"என் தப்புதான் சார், மறந்துட்டேன்" என்று காஸ்ட்யூமர் முந்திக்கொண்டாள்.

பின்கட்டில், படுக்கையறைக் காட்சிக்கு விரித்த போர்வையைக் காஸ்ட்யூமர் அலசிக்கொண்டிருந்தாள். சிசிடிவி தயங்கித் தயங்கிப் போய் நின்றாள்.

"ஏன் ஒத்துக்கிட்ட? மாடியிலயும் கை மடிக்கலன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியாம? ரெண்டு தடவையும் சட்டைய மாட்டிவிட்டதே நான்தானே."

"என்னால திட்டு வாங்கிட்டியே. மன்னிச்சிரு."

"திட்டு கிடக்குது, விடு." காஸ்ட்யூமர் நிமிரவில்லை. "சொன்னதுதான் சொன்ன, இதையே ஒரு வாரம் முன்னாடி சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

காஸ்ட்யூமர் போர்வையின் ஒரு முனையைச் சிசிடிவியின் கையில் திணித்தாள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து முறுக்கினார்கள். தண்ணீர் சொட்டி, சொட்டி, நின்றது. அதற்குப் பிறகும் இருவரும் முனையை விடவில்லை.