ஆப் செத்த பெட்டியும் அக்காவின் முழங்காலும்

1.

இந்தக் கதைக்கு முடிவு இல்லாததற்குக் காரணம் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் அதைத் திருப்பம் என்று நினைத்துப் பாராட்டிவிடுவீர்கள்.

போன வாரம் நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுபோனது. உள்ளே நான் மட்டும். கௌரவமாக இருந்தேன் என்று எழுத ஆசைதான், கத்தினேன். மீட்க வந்த மெக்கானிக் லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து வேலை செய்தபடியே, என்னைச் சமாதானப்படுத்தப் பேச்சுக் கொடுத்தார். நாற்பது நிமிடம். தன் அக்காவைப் பாதிப் பயிற்சியில் விட்டுவிட்டு எனக்காக ஓடிவந்திருக்கிறார். அதற்குமேல் என்ன ஆனது என்று அப்போது அவருக்கே தெரியாது.

2.

முதல் தொடக்கம்: "ஒரு யுகத்தின் வீழ்ச்சி சில சமயம் ஒரு சின்ன அறிவிப்பில்"

(வேண்டாம். முழங்கால் கதைக்கு யுகம் எதற்கு?)

இரண்டாம் தொடக்கம்: "மழை தூறிய அந்தக் காலையில் அக்கா ஜன்னல் வழியே"

(அந்த அறையில் ஜன்னலை மறைத்துக்கொண்டு பீரோ நிற்கிறது. அவரே சொன்னார்.)

சரி, நேராகவே சொல்கிறேன். மெக்கானிக்குக்கு ஐம்பத்தொரு வயது. வெளியே 'சார்', வீட்டில் 'டேய்'. அக்கா நீதிமன்றத்தில் தட்டச்சு செய்பவர். முழங்கால் மூட்டு மாற்றிய பிறகு தம்பி வீட்டில் இருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் முழங்கால் தொண்ணூறு டிகிரி மடங்க வேண்டும். இல்லாவிட்டால் மயக்க மருந்து கொடுத்து, நாங்களே வலுக்கட்டாயமாக மடக்கிவிடுவோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏதோ நாற்காலியை மடக்குவதுபோல.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு எழுபத்தெட்டு.

பயிற்சி இதுதான்: பாயில் மல்லாந்து படுத்து, கணுக்காலில் துண்டைச் சுற்றி, இரண்டு கையாலும் இழுத்துக் குதிகாலைத் தன் பக்கம் கொண்டுவர வேண்டும். மூன்று பாட்டு நேரம். பாட்டு, தரையில் வைத்த பெரிய ஸ்பீக்கர்களிலிருந்து வரவேண்டும். தாளம் தரை வழியாக முதுகுக்கு ஏறவேண்டும்.

"பாட்டு ஓடற வரைக்கும் வலி பாட்டோடது. நின்னுச்சுன்னா என்னோடது" என்பது அக்காவின் மருத்துவம்.

3.

பாட்டுப் போடுவது ஒரு கறுப்புப் பெட்டி. இணையத்திலிருந்து பாட்டை இழுத்து ஸ்பீக்கருக்குத் தள்ளும். அதன்மேல் ஒரு விளக்கு உண்டு, பொத்தான் கிடையாது. எல்லாமே போனில் இருக்கும் ஆப் வழியாகத்தான். அந்த ஞாயிறு ஆப் திறக்கவில்லை. 'உங்கள் இசைப் பயணத்தில் ஒரு புதிய அத்தியாயம்' என்று கம்பெனிக்காரன் எழுதியிருந்தான். கடையைச் சாத்திவிட்டேன் என்பதற்கு இப்படி ஒரு வாக்கியம் எழுத ஆள் வைத்திருப்பார்கள் போல. (வேலை காலி இருந்தால் சொல்லுங்கள்.)

மெக்கானிக் என்ன செய்தார்? நின்ற எந்த லிஃப்டையும் முதலில் என்ன செய்வாரோ அதைச் செய்தார். பெட்டியின் பின்பக்க ஓட்டையில் ஊசியை விட்டுப் பத்து விநாடி அமுக்கினார். விளக்கு சிவந்தது.

"என்னடா பண்ணே?"

"ரீசெட்."

"யாரைக் கேட்டு?"

"எதுவா இருந்தாலும் நாங்க முதல்ல அதைத்தான்க்கா பண்ணுவோம்."

"நல்லவேளை, ஆபரேஷன் அன்னிக்கு நீ உள்ளே வரல."

ரீசெட் செய்ததில் பெட்டி வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டையும் மறந்துவிட்டது. அதைத் திரும்பச் சொல்லிக்கொடுக்க ஆப் வேண்டும். ஆப்தான் செத்துவிட்டதே.*

* பெட்டியின் பின்னால் போனை ஒயரில் மாட்ட ஒரு துளை இருக்குமே என்கிறீர்கள். நானும் லிஃப்டுக்குள்ளிருந்து கேட்டேன். இருக்கிறது. அந்தத் துளைக்கு மாற்றும் பொத்தான் ஆப்பில் இருக்கிறது. வேறு ஸ்பீக்கர் வாங்கவில்லையா என்றும் கேட்டேன். "சார், நல்லா இருக்கிற சாமானை எதுக்குத் தூக்கிப் போடணும்?" என்றது கூரை. குரலில் இருந்த எரிச்சலைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். நான் தொங்கிக்கொண்டிருந்தேன்.

4.

இரண்டு நாள் அக்கா போனின் சொந்த ஸ்பீக்கரில் பாட்டு வைத்துப் பார்த்தார். "கொசு கச்சேரி பண்ணுது" என்று துண்டை வீசிவிட்டார். கணக்கு எழுபத்தெட்டிலேயே நின்றது. அளக்க வந்த பிசியோ பெண் பழைய எண்ணையே மறுபடி குறித்துக்கொண்டு கோணமானியைப் பைக்குள் வைத்தாள். அந்தக் குறிப்புதான் தம்பியைக் குத்தியது.

அதே பெட்டியை வைத்திருக்கும் அனாதைகள் இணையத்தில் கூடிப் புலம்பும் ஓர் இடம் இருந்தது. அங்கே ஒருவன் எழுதியிருந்தான்: வைஃபையை விடுங்கள், ஒயர் போடுங்கள். இணைய ஒயரைச் செருகினால் பெட்டி தானே விழித்துக்கொள்ளும். வீட்டிலிருக்கும் எந்தப் பெட்டிக்கும் பாட்டு அனுப்பக்கூடிய பொதுவான ஆப் ஒன்று போதும்.

ரவுட்டர் முன் அறையில், பெட்டி பின் அறையில். ஒயரைத் தரையில் விட்டால் வாக்கரோடு நடக்கும் அக்கா தடுக்கி விழுவார். மெக்கானிக் பதினாலு மீட்டர் ஒயரைக் கதவு நிலைகளின்மேல் ஏற்றி, சாண் இடைவெளிக்கு ஒரு கிளிப் அடித்தார்.

"வீட்டையே லிஃப்டாக்கிட்டே."

"பாட்டு வேணுமா, வேணாமா?"

வந்தது. முழுச் சத்தத்தில் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

ஒரே குறை. ஒரு பாட்டு முடிந்தால் அடுத்ததுக்குப் போகப் பெட்டிக்குத் தெரியவில்லை. யாராவது போனில் அமுக்க வேண்டும். அக்காவின் இரண்டு கையும் துண்டில். விட்டால் கால் சறுக்கிக்கொண்டு நீண்டுவிடும், முதலிலிருந்து இழுக்க வேண்டும். ஆகவே தம்பி வேலைக்குத் தாமதமாகப் போக ஆரம்பித்தார். அக்காவின் போனைப் பிடித்தபடி நின்று, அந்தப் பயிற்சியை முதல்முறையாகப் பார்த்தார். அதுவரை ஏதோ காலை ஆட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.

(இந்த இடத்தில் "அவர் கண் கலங்கியது" என்று எழுதி, அடித்துவிட்டேன். அவர் கூரைமேல் இருந்தார், முகம் எனக்குத் தெரியவில்லை. ஸ்பேனர் சத்தம் கொஞ்ச நேரம் நின்றது. அது மட்டும்தான் எனக்குத் தெரியும்.)

5.

வியாழன்: எண்பத்தாறு.

வெள்ளி பத்து மணிக்குக் கடைசி அளவு. ஒன்பதரைக்கு, இரண்டாவது பாட்டின் நடுவில், மெக்கானிக்கின் போன் அடித்தது. லிஃப்டில் ஓர் ஆள் மாட்டிக்கொண்டு கத்துகிறான்.

"போடா."

"மூணாவது பாட்டு?"

"நான் பாத்துக்கறேன். அந்தாள் கத்தியே செத்துத் தொலைப்பான், போ."

அக்காவின் போனைப் பாயின் ஓரத்தில் வைத்துவிட்டுக் கிளம்பினார். கைக்கு எட்டும். கையை எடுத்தால்தானே எட்டும்.

6.

முடிவு அ: அக்கா துண்டின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு

(சினிமா.)

முடிவு ஆ: பாட்டு நின்ற பிறகும் அவர் இழுத்தார், வலி இப்போது அவருடையது

(அவர் வலியில் நான் அழகாக எழுதிக்கொள்கிறேன். அசிங்கம்.)

முடிவு இ: மெக்கானிக்குக்கு ஒரு போன் போட்டுக் கேட்பது. நம்பர் இருக்கிறது, ஆறு நாளாக இருக்கிறது. எண்பத்தாறு என்று சொல்லிவிட்டால், மிச்ச நாலு டிகிரி நான் கத்தியதில் போனது. கூப்பிட எனக்குத் தைரியம் இல்லை.

உங்களுக்கு அந்தத் தயக்கம் இருக்க வேண்டியதில்லை. நீங்கள் கத்தி யாரையும் எங்கிருந்தும் வரவழைக்கவில்லை. அதனால் நீங்கள் உள்ளே போங்கள். கதவு திறந்துதான் இருக்கிறது, அவசரத்தில் போனார். பின் அறை. பீரோவுக்கு இந்தப் பக்கம் பாய், பாயின் ஓரத்தில் போன். இரண்டாவது பாட்டு முடியப்போகிறது. அக்கா பல்லைக் கடித்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார், திரும்பமாட்டார். "யாரா இருந்தாலும் சீக்கிரம் போடுங்க" என்பார்.

பட்டியலில் மூன்றாவது. அமுக்குங்கள்.