கேட்காத காது

கிடங்கில் காவல் முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்தவனை மாமா உலுக்கி எழுப்பினார். மாமா என்றால் அக்காவின் கணவர். ஒன்பது வருஷமாக வேதாகமத்தைப் புதிதாக மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறார்.

"லாரி டிரைவர் வரல. போனும் எடுக்கல. நீ வா."

"நானா? எனக்குத்தான் எல்லாம் தெரியுமே மாமா."

"தெரியாதுன்னு சொல்லு."

விஷயம் இதுதான். எழுதி முடித்த பகுதியை, அதை ஒருமுறைகூடக் கேட்டிராத ஒருவனுக்குப் படித்துக் காட்ட வேண்டும். அவன் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் மொழிபெயர்ப்பு புரிகிறது என்று அர்த்தம். இதைச் சோதிக்க வருஷத்துக்கு ஒருமுறை ஆலோசகர் அம்மா வருவார். மற்றதெல்லாம் தேறிவிட்டது, பாக்கி இந்த ஒரு பகுதிதான்; அதைக் கேட்கத்தான் மாமா லாரி டிரைவரைச் சொல்லி வைத்திருந்தார். அவர் கையெழுத்துப் போட்டால் அச்சகம். இல்லையென்றால் அடுத்த வருஷம். மதியம் அவருக்கு ரயில்.

நான் கேட்காத காது இல்லை. திருத்தித் திருத்தி எழுதும் ஒவ்வொரு பிரதியையும் மாமா சமையலறையில் அக்காவுக்குப் படித்துக் காட்டுவார். சுவருக்கு இந்தப் பக்கம் என் கட்டில். பகலில் தூங்குகிறவன் காதைக் கழற்றியா வைக்க முடியும்?

"காலேஜ பாதியில விட்டதுக்கு இப்பதான்டா ஒரு பிரயோஜனம்," என்று அக்கா டீயை நீட்டினாள். "முட்டாள் மாதிரி உக்காரு. உனக்கு அது கஷ்டமில்ல."

அலுவலக அறையில் ஒரு மேசை, மூன்று நாற்காலிகள். ஆலோசகர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"தம்பி, இந்தப் பகுதிய முன்னாடி கேட்டிருக்கீங்களா?"

"இல்லம்மா."

"இவர உங்களுக்குத் தெரியுமா?" பேனா மாமாவைக் காட்டியது.

"தெரியாது."

மாமா படித்தார். குரு கைதான இரவு. முற்றத்தில் வேலைக்காரர்கள் நெருப்பு மூட்டிக் குளிர்காய்கிறார்கள். சீடனும் போய் நிற்கிறான். நீ அவரோடு இருந்தவன்தானே என்கிறார்கள். மூன்று தடவையும் அவரைத் தெரியாது என்கிறான். படித்து முடிக்கும்வரை மாமா என் பக்கம் திரும்பவே இல்லை.

நான் வேண்டுமென்றே தடுமாறிச் சொன்னேன். "நல்ல குளிரு. வேலைக்காரங்க கரியப் போட்டு மூட்டிச் சுத்தி நிக்கிறாங்க. இவனும் போயி..."

பேனா நின்றது. "கரியா? நெருப்புன்னுதானே படிச்சாரு?"

கரி நான்காவது பிரதியில் இருந்தது. போன வருஷம் மாமா அதை அடித்துவிட்டார். அடிக்கக் கூடாது என்று அக்கா போட்ட சண்டையையும் சுவர் வழியாகக் கேட்டவன் நான்.

"நான் நைட் வாட்ச்மேன்மா. எங்க கேட்ல கரிதான் போடுவோம். அதான் வாயில வந்துருச்சு."

நல்ல பொய். பாதி உண்மைகூட. அவர் தலையாட்டினார். கையெழுத்துப் பக்கத்தைத் திருப்பி, பேனாவை அதன்மேல் வைத்து, சும்மா கேட்பதுபோல் கேட்டார்.

"இவரத் தெரியாதுதானே?"

நான் வாயைத் திறந்தேன்.

"என் மச்சினன்," என்றார் மாமா. "ஒரே வீடு. எல்லாத்தையும் கேட்டிருக்கான்."

ஆலோசகர் பேனாவை மூடினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இந்தச் சோதனை செல்லாது. அடுத்த வருஷம் பாப்போம்," என்று பையை எடுத்துக்கொண்டு போனார்.

மாடிப்படியில் மாமாவை மறித்தேன். "கையெழுத்து கிடைச்சிருக்குமே மாமா! பொய் சொன்னது நான்தானே, உங்களுக்கென்ன?"

"அதப் படிச்ச வாய வச்சுக்கிட்டு எப்படிடா சும்மா உக்காந்திருக்கிறது?"

படியிலேயே உட்கார்ந்து பிரதியை விரித்தார்.

"கரின்னதும் உனக்கு என்னடா தெரிஞ்சுது?"

"கரியில வெளிச்சம் கம்மி மாமா. சூடு வேணும்னா கிட்ட வரணும். கிட்ட வந்தா முகம் தெரிஞ்சிரும். அப்படித்தான் அவன் மாட்டினான்."

மாமா சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். 'நெருப்பு'க்கு முன்னால் 'கரி' என்று எழுதினார்.

"இதையும் கேட்டுட்ட. இனி எதுக்கும் லாயக்கில்ல நீ," என்றார். "போய்த் தூங்கு."