மஞ்சள் சீட்டு இல்லாத நெல்

ஐந்தாம் நாளும் ஈரத்துணியை விரித்துப் பார்த்தேன். நூறு நெல். ஒன்றுகூட முளைவிடவில்லை. இது மூன்றாவது தடவை.

திருப்பதியில் ஒரு கல்லூரியின் சிறிய அருங்காட்சியகத்தில் எனக்கு ஒப்பந்த வேலை. ஆராய்ச்சித் திட்டத்தின் கடிதங்களும் படிவங்களும் என் பொறுப்பு. மாதத்தில் சில நாள் கிராமங்களுக்குப் போய் நீர், மண், விதை பற்றிப் பேச வேண்டும். 1998 மார்கழியில் அப்படிப் போனபோதுதான் விஜயபுரம் பக்கம் ரத்தினம்மாவைப் பார்த்தேன். ஆழ்துளைக் கிணறு போட வசதியில்லாத நான்கு வீடுகள் மழையை நம்பிப் புழுதியில் விதைக்கும் நெல் அவர் வீட்டில் மூன்று பானைகளில் இருந்தது. முந்தைய வருடம் மழை பொய்த்ததால் மிச்சம் அவ்வளவுதான்.

"எலிக்கு பயந்துக்கினே கெடக்கறேன். உங்க கண்ணாடிப் பொட்டியில பத்திரமா இருக்கட்டும். ஆடிக்கு முன்னாடி வந்து எடுத்துக்கறேன்" என்று எங்கள் விதைக் கண்காட்சிக்குக் கொடுத்தார்.

இரவல் படிவத்தை நீட்டியதும் கையை இழுத்துக்கொண்டார். "வெதைக்கு எழுத்து போடக் கூடாதும்மா. எழுதிட்டா அது சரக்கு. எங்க வூட்ல யாரும் போட்டதில்ல."

நானும் அந்த ஆந்திர எல்லைப் பக்கத்து ஊர்க்காரி, இந்த நம்பிக்கை எனக்கும் தெரியும். வற்புறுத்தவில்லை. படிவம் இல்லாததால் இரவலுக்கான மஞ்சள் சீட்டையும் பானைகளில் கட்டவில்லை. சீட்டில்லாத பொருள் வந்தவுடன் பூச்சிமருந்துப் புகை அறைக்குப் போகும். அந்த விதியைத் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டியவளே நான்தான். இரண்டு நாள் இருக்க வேண்டியது, பொங்கல் விடுமுறையில் ஒன்பது நாள் உள்ளேயே கிடந்தது.

கண்காட்சி முடிந்து பானையைத் திறந்தபோது வந்த மருந்து நெடியில்தான் எனக்கு உறைத்தது. ஆனால் நெல் பொன்னாகத்தான் மின்னியது. செத்த ஒன்று செத்ததுபோலத் தெரிய வேண்டாமா?

பொறுப்பாளர் தாமோதரன் சார் துணியை எட்டிப் பார்த்தார். "குடுத்து அனுப்பிடும்மா. மொளைக்கலன்னா வானத்தத் திட்டுவாங்க. வானம் மெமோவுக்கு பதில் எழுதாது" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "உன் ரெனியூவல் ஃபைல் என் டேபிள்லதான் இருக்கு, தெரியுமில்ல?" என்றார்.

அன்று மத்தியானமே ரத்தினம்மா வந்துவிட்டார். கையில் மூன்று சாக்கு.

"இன்னா காஞ்சனா, எங்க நெல்லு ஃபேன் காத்து வாங்கிக்கினு சொகமா இருந்துச்சா? இனிமே புழுதியில போட்டா கோச்சிக்கப் போவுது!"

சாக்கைப் பிரித்தார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

"விதைக்காதீங்கம்மா. மருந்துல செத்துடுச்சி."

அவர் பானையிலிருந்து ஒரு நெல்லை எடுத்துக் கடித்தார். துப்பினார். அப்படியே தரையில் உட்கார்ந்தார். காலிச் சாக்கைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, "நான் கையெழுத்து போட்டிருந்தா பொழச்சிருக்குமா?" என்று கேட்டார்.

"உங்க தப்பில்ல. புகை போடுவாங்கன்னு நான்தான் சொல்லல."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் எழுந்து புடவையை உதறினார்.

"எங்கூட வந்து பஸ் ஏறு. நான் சொன்னா நாலு வூட்லயும் நம்ப மாட்டாங்கோ. மவன் முரளி பெங்களூர்ல வேலைக்கு அலையறான், நெல்ல வித்து அவனுக்கு பணம் அனுப்பிட்டேன்னு சொல்வாங்கோ. நீயே வந்து சொல்லு."

தாமோதரன் சார் கதவருகில் நின்று கண்ணாலேயே வேண்டாம் என்றார். நான் கைப்பையை எடுத்தேன்.

பஸ் புத்தூரைத் தாண்டியது. நான் ரத்தினம்மாவைக் கேட்டேன். "மொதல்ல யார் வூட்டுக்கும்மா?"

"லட்சுமம்மா வூட்டுக்கு. வாயிக்கு முன்னாடி கை பேசும் அவளுக்கு."

ஜன்னலுக்கு வெளியே உழுது போட்ட நிலங்கள் வந்துகொண்டே இருந்தன. எல்லாம் மழைக்கும் விதைக்கும் தயாராக இருந்தன. பஸ் கொஞ்சம் மெதுவாகப் போகக் கூடாதா என்றிருந்தது. அது எங்கேயும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.