இரண்டு கதவுக் கார்

இருக்கைக்குக் கீழே கையை விட்டு இரும்புப் பிடியைத் தூக்கினான் பிரவீனன். பிறகு இரண்டு காலையும் ஊன்றி ஓர் உதை உதைத்தான். துருப்பிடித்த தண்டில் கிறீச்சிட்டுக்கொண்டு பின்னால் போன இருக்கை, கடைசிப் பல்லில் டக்கென்று விழுந்து நின்றது.

"இப்பதான் அண்ணை, காலுக்கு இடம் கிடைச்சிருக்கு," என்றான். "நீ ஓடு. நான் பரந்தன் வருமட்டும் நித்திரை கொண்டு வாறன்."

நிரோஜன் ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி பக்கத்தில் இருந்தான். கார் எங்கேயும் போகவில்லை. ஆறு வருசமாகவே அது எங்கேயும் போனதில்லை. ஊர்காவற்துறையில் அல்போன்சம்மாவின் வீட்டுக்குப் பின்னால், தகரக் கொட்டிலுக்குள், நான்கு ரயரும் காற்றிறங்கி நிலத்தோடு படுத்துக் கிடந்தது. வெளியே வெள்ளம் வடிந்துகொண்டிருந்தது.

குடையோடு வாசலில் நின்ற அல்போன்சம்மா, "இருந்து பாத்தது காணும், இறங்குங்கோ," என்றார். "இவர் இருக்கேக்கை என்னையே செருப்போடை ஏற விடாதவர்."

இவர் என்றது அவருடைய காலமான கணவர் வின்சன்றை. கப்பல் எஞ்சினியராக இருந்தவர். ஜேர்மனியில் செய்த அந்தச் சொகுசுக் காரை ஒரு காலத்தில் கொழும்பில் ஓடித் திரிந்துவிட்டு, சண்டை முடிந்து பாதை திறந்த பிறகு ஊருக்குக் கொண்டுவந்தவர். இரண்டே கதவு. பக்கக் கண்ணாடிகளை இறக்கிவிட்டால் நடுவில் தூணே இல்லாமல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை காற்று போகும்.

சகோதரர்கள் இருவரும் இறங்கி, சேற்றில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நாரந்தனைக்குத் திரும்பினார்கள். அது சனிக்கிழமை. திங்கட்கிழமை பிரவீனனுக்குக் காய்ச்சல் காய்ந்தது. வெள்ளத்துக்குப் பிறகு எல்லா வீட்டிலும் ஒருவருக்குக் காய்ச்சல் இருந்ததால் பனடோல் கொடுத்துப் படுக்கவைத்தார்கள். வியாழக்கிழமை பெரியாஸ்பத்திரியில் அவன் இறந்துபோனான். இருபது வயது.

நிரோஜனுக்கு இருபத்திரண்டு. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். பிரவீனன் தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் பொறி படித்துக்கொண்டு, தீவு முழுக்க நீர்ப்பம்பு திருத்தித் திரிந்தவன். அல்போன்சம்மாவின் பம்பைத் திருத்தப் போனபோதுதான் கொட்டிலுக்குள் காரைக் கண்டான். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தவன் சோற்றைக்கூடக் கேட்கவில்லை. ரண்டு கதவுதான், அதனாலைதான் ஒருத்தரும் வாங்கேல்லை, அதனாலைதான் எங்கடை காசுக்குக் கட்டும் என்று நின்ற நிலையிலேயே சொல்லி முடித்தான். அண்ணனின் புலமைப்பரிசிலும், ரியூசன் காசும், தம்பியின் பம்புக் காசும், இருவருக்கும் பொதுவாக இருந்த மோட்டார் சைக்கிளை விற்ற காசும் சேர்ந்தால் அல்போன்சம்மா சொன்ன விலைக்கு வந்துவிடும். திருத்தி எடுத்துக் கலியாணங்களுக்கு வாடகைக்கு விடுவது என்பது திட்டம்.

"பின்கதவு இல்லாத கார் கலியாணத்துக்கோ?" என்று சித்தப்பா ஜெகதீஸ் சிரித்தார். "பொம்பிளை கூறைச்சீலையோடை எப்பிடிப் பின்னாலை ஏறுறது, சொல்லு பாப்பம்."

"பொம்பிளையை முன்னாலை இருத்துவம் சித்தப்பா. மாப்பிள்ளை பின்னாலை சுருண்டு கிடக்கட்டும். அண்டைக்கே பழகினால் நல்லதுதானே."

முற்பணத்தைக் கொடுத்து, காரில் ஒருமுறை ஏறி இருந்து பார்க்கத்தான் அந்தச் சனிக்கிழமை போயிருந்தார்கள்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு முடிந்த அடுத்தநாள் நிரோஜன் மிச்சக் காசை ஒரு கடித உறையில் போட்டுக்கொண்டு ஊர்காவற்துறைக்குப் போனான். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. வீட்டில் அவனால் இருக்க முடியவில்லை. எந்தக் கதிரையில் இருந்தாலும் கொஞ்ச நேரத்தில் எழும்பிவிடுவான். தம்பியின் சேட்டுகளைச் சித்தி தோய்த்து மடித்து அலுமாரியில் வைத்துவிட்டாள். மேசையைத் துடைத்துவிட்டார்கள். படுக்கையைச் சுருட்டிக் கொடுத்துவிட்டார்கள். பிரவீனன் வைத்தது வைத்தபடி இருந்த ஒன்றே ஒன்று இப்போது அந்தக் காருக்குள், கடைசிப் பல்லில் நின்றது. அங்கே வேறொருவர் ஏறி இருந்து, பிடியைத் தூக்கி, ஓர் இழுவை இழுத்தால் அதுவும் முடிந்தது. இதை யாரிடம் சொல்வது? சொன்னால் பைத்தியம் என்பார்கள். அவனுக்கே அப்படித்தான் பட்டது.

அல்போன்சம்மா உறையைப் பார்த்தார், கையை நீட்டவில்லை.

"வேண்டாம் தம்பி. உங்கடை வீட்டிலை செத்தவீட்டுத் துடக்கு. முப்பத்தொண்டு கழியட்டும்."

"எனக்கு அதொண்டும் இல்லை அன்ரி. நீங்கள் வேதக்காரர்தானே, உங்களுக்கும் இல்லையெல்லே?"

"எனக்கு இல்லைத்தான். ஆனா உம்மடை அம்மாவுக்கு இருக்கு. செத்தவீட்டுக் காசை அவசரப்பட்டு வாங்கினவள் எண்டு அவ நாளைக்கு என்னை நினைக்கக் கூடாது. கார் எங்கை ஓடப்போகுது? ரயரிலை காத்துமில்லை."

மரியாதைக்காகச் சொன்னார். அந்த மரியாதை நிரோஜனைப் போட்டு வதைத்தது. இன்னும் இருபத்திரண்டு நாள்.

"அப்ப ஒருக்கால் பாத்திட்டுப் போகட்டே?"

"போய்ப் பாரும்."

அவன் கதவைத் திறக்கவில்லை. தூசி படிந்த கண்ணாடியில் நெற்றியை வைத்து, இரு பக்கமும் கையால் மறைத்துப் பார்த்தான். இருக்கைக்கும் டாஷ்போட்டுக்கும் நடுவே ஓர் ஆள் முழங்கால் மடக்காமல் நீட்டி இருக்கக்கூடிய இடைவெளி அப்படியே இருந்தது. திரும்பிச் சைக்கிளில் ஏறினான். நாரந்தனைச் சந்தி வருவதற்குள், சரியாகப் பார்த்தேனா என்று சந்தேகம் வந்துவிட்டது.

அதன்பிறகு நாளுக்கு ஒருதரம், சில நாள் இரண்டுதரம். "எங்கை போறாய்?" என்று அம்மா கேட்பாள். "சும்மா." திரும்பி வந்து சைக்கிளை நிறுத்தும்போதே மறுபடி போகவேண்டும் போல இருக்கும். அல்போன்சம்மாவின் நாய் குரைப்பதை விட்டுவிட்டது. அவர் ஒன்றும் கேட்பதில்லை. ஒருநாள் மட்டும் குசினி யன்னலால், "தம்பி, அதை நீர் கண்ணாலை பாத்தே தேய்ச்சுப் போடுவீர்," என்றார்.

இருபத்துநாலாம் நாள் அவன் போனபோது கேற்றடியில் ஒரு வான் நின்றது. கொட்டில் கதவு அகலத் திறந்து கிடந்தது. அல்போன்சம்மாவின் மருமகன் ஜோர்ஜ் நீர்கொழும்பிலிருந்து வந்திருந்தான். கூடவே யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கார்த் தரகர். தரகர் குட்டையான மனுசன். பிரவீனனின் இருக்கையில் ஏறி இருந்தார். கால் அந்தரத்தில் தொங்கியது.

"இதென்ன, கட்டில் மாதிரிக் கிடக்கு," என்று சொல்லிக்கொண்டே குனிந்து பிடியைத் தூக்கினார்.

நிரோஜனின் கையிலிருந்து சைக்கிள் நழுவிச் சாய்ந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

தரகர் இழுத்தார். இருக்கை வரவில்லை. இரண்டு கையாலும் டாஷ்போட்டைப் பிடித்துக்கொண்டு உடம்பை முன்னால் எறிந்தார். வரவில்லை. "ஜோர்ஜ், பின்னாலை ஏறித் தள்ளும்," என்றார். மற்றக் கதவால் ஏறிய ஜோர்ஜ் பின்னாலிருந்து தோளைக் கொடுத்துத் தள்ளினான். கார் முழுவதும் ஆடியது. முன்கண்ணாடியில் தொங்கிய செபமாலை இடமும் வலமும் அடித்தது. நிரோஜன் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கொஞ்ச நேரத்தில் தரகர் வியர்த்துப்போய் இறங்கினார்.

"உப்புக் காத்து தண்டைத் திண்டிட்டுது. ஆரோ விசரன் உதைச்சுத் தள்ளி இறுக்கி வைச்சிருக்கிறான். இதுக்குச் சாமான் கொழும்பிலையும் எடுக்கேலாது. கதவும் ரண்டு. நான் சொன்ன விலையிலை பாதி தரலாம், அதுகும் பாகம் பாகமாக் கழட்டி விக்கத்தான்."

ஜோர்ஜ் கொட்டில் வாசலில் நின்ற மாமியைப் பார்த்தான். "மாமி, பாதியெண்டாலும் இவர் இப்ப கையிலை தாறார். அந்தப் பெடியன் வருவானோ மாட்டானோ. செத்தவீடும் நடந்து, அதுகளுக்கு இனிக் கார் எங்கை?"

"அந்தப் பெடியன் அந்தா நிக்குது," என்றார் அல்போன்சம்மா.

மற்ற இருவரும் திரும்பினார்கள். நிரோஜன் விழுந்த சைக்கிளை எடுத்து நிமிர்த்தினான். அப்படி ஏதாவது செய்யவேண்டியிருந்தது.

"அண்ணை, அந்த விசரன் என்ரை தம்பிதான்," என்றான் தரகரிடம்.

தரகர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அல்போன்சம்மா மருமகன் பக்கம் திரும்பினார்.

"இந்தக் கார் தாறன் எண்டு நான் சொன்னது இவற்றை தம்பிக்கு. அந்தச் சொல்லை இனி ஆரிட்டைப் போய் மாத்திச் சொல்லுறது? நீ சொல்லு ஜோர்ஜ். தேத்தண்ணி வைச்சிருக்கிறன், குடிச்சிட்டு வெளிக்கிடுங்கோ."

வான் போனபிறகு நிரோஜன் கொட்டிலுக்குள் போய்ப் பார்த்தான். இருக்கையின் துணியில் தரகரின் வியர்வை ஈரமாக இருந்தது. கடைசிப் பல்லிலிருந்து அது ஒரு நூல்கூட வரவில்லை. அன்றும் பொழுதுபடுமுன் இன்னொருதரம் வந்து பார்த்தான்.

முப்பத்தோராம் நாள் கீரிமலைக்குப் போய் அந்தியேட்டிக் கிரியை செய்தார்கள். அடுத்தநாள் காலை, நிரோஜன் அப்பாவுக்கு முன்னால் போய் நின்று விசயத்தைச் சொன்னான். அம்மா குசினியிலிருந்து வந்துவிட்டாள்.

"பிள்ளையை எரிச்ச கையோடை கார் வாங்கிறாங்கள் எண்டு சனம் கதைக்கும்."

அப்பா செல்வரத்தினம் அதிகம் பேசுகிறவரல்ல. மண்வெட்டியைச் சுவரில் சாத்தினார்.

"அவன் வேர்வை சிந்தின காசும் அதுக்கைதானே கிடக்கு," என்றார். "ஜெகதீசிட்டைச் சொல்லு, லாண்ட்மாஸ்ரரைக் கொண்டுவந்து காரை இழுக்கட்டும்."

அல்போன்சம்மா காரின் வெளிப்பக்கத்தைக் கழுவி வைத்திருந்தார். ரயர்களுக்குக் காற்றடித்தார்கள். ஒன்றில் நிற்கவில்லை, இருந்தாலும் உருளும் என்றார் சித்தப்பா. உறையை வாங்கிய அல்போன்சம்மா செபமாலையைக் காட்டி, "இதைக் கழட்டட்டோ தம்பி?" என்று கேட்டார்.

"கிடக்கட்டும் அன்ரி."

சித்தப்பா லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினில் கயிற்றைக் கட்டினார். நிரோஜன் ஸ்ரியரிங்கில் இருந்தான். அப்பா ஏறக்கூடிய இடம் தம்பியின் இருக்கை ஒன்றுதான். அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறி இருந்தார். அப்பா கட்டை. பிரவீனனின் உயரம் அம்மா பக்கத்து உயரம். சாய்ந்தால் காற்பெருவிரல் மட்டும் நிலத்தில் முட்டியது, நிமிர்ந்தால் முதுகுக்கு ஒன்றும் இல்லை.

கார் கொட்டிலை விட்டு வெயிலுக்கு வந்தது. தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். லாண்ட்மாஸ்ரர் புகைவிட்டுக்கொண்டு ஊர்ந்தது. அதைவிட நடந்து போயிருக்கலாம்.

"இதை முன்னுக்கு எடுக்கேலாதே?" என்று கேட்டார் அப்பா. கேட்டுக்கொண்டே கீழே தடவிப் பிடியைக் கண்டுபிடித்துத் தூக்கினார். ஒரு தரம் இழுத்தார்.

"அது வராது அப்பா."

"ஆர் உவ்வளவுக்குப் பின்னாலை தள்ளினது?"

நிரோஜன் முன்னால் போகிற கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிரவீனன்."

அப்பாவின் கை பிடியிலேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அதை மெதுவாகக் கீழே விட்டார். பின்னால் சாய்ந்தார். எட்டாத காலை எட்டுமட்டும் நீட்டினார். வழியில் அவர் கண்ணாடியை இறக்க முயன்றார். அது பாதியில் நின்றது.

எஞ்சினைத் தட்டி எழுப்ப எட்டு மாதம் பிடித்தது. பிரவீனனோடு படித்த பெடியன்கள் சனிக்கிழமைகளில் வந்து வேலை செய்தார்கள். முதல் கலியாணம் சுருவிலில். கூறைச்சீலை கசங்காமல் பொம்பிளை முன்னால் காலை நீட்டி இருந்தாள். மாப்பிள்ளை அவள் இருக்கைக்குப் பின்னால், முழங்கால் நெஞ்சில் இடிக்க, தலைப்பாகையை மடியில் வைத்துக்கொண்டு சுருண்டிருந்தான். கார் வீட்டைக் கடந்து போகும்போது அம்மா வேலிக்குள் நின்று அதைப் பார்த்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். சிரித்தாளா அழுதாளா என்று நிரோஜன் போய்ப் பார்க்கவில்லை.

ஏறுகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள், இதைக் கொஞ்சம் முன்னுக்கு எடுக்கலாமோ என்று. வராது என்கிறான். தண்டில் நாலு சொட்டு எண்ணெய் விட்டால் வருமென்று பிரவீனனின் கூட்டாளிகள் சொல்லியிருக்கிறார்கள். எண்ணெய்ப் போத்தல் டிக்கிக்குள்ளேயே இருக்கிறது. இருக்கை கடைசிப் பல்லில் நிற்கிறது.